ஒருவர் இருவரான கதை

ஒரே ஆள் ஒரு படத்தில் இரண்டு இடத்தில் நிற்பது இன்றைக்குக் கைப்பேசியில் நிமிட வேலை. இந்த வித்தை பிறந்தது கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்னால்.

ஸ்வீடனில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் நடத்திய ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். 1871 வாக்கில், ஓவியர் ரெய்லாண்டர் பக்கத்தில் நிற்கும் தொண்டர் படை ரெய்லாண்டரை நமக்கு அறிமுகம் செய்வதுபோல ஒரு படமும் எடுத்தார். பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1900-இல் சினிமாவிலேயே ஏழு மெலியேக்களை வரிசையாக உட்காரவைத்துக் கச்சேரி நடத்திவிட்டார்.

தமிழுக்கு இது சேலம் வழியாக வந்தது. 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் அதுதான்.

செய்முறை கேட்க எளிது. லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடிகரை இடப்பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, உடை மாற்றிவந்த அதே நடிகரை வலப்பக்கம் நிறுத்தி அதே பிலிமில் மறுபடி எடுப்பார்கள். இடையில் கேமரா மயிரிழை நகர்ந்தாலும் சுவர் இரண்டாகப் பிளக்கும். அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் நடுவில் கறுப்புக் கோடு. இடைவெளி விட்டால் வெளுத்த கோடு. அதனால்தான் அந்தக் காலத்துக் காட்சிகளில் இருவருக்கும் நடுவே ஒரு தூணோ கதவு நிலையோ நிற்கும். நடிகர் வெறும் காற்றைப் பார்த்துப் பேசி, இல்லாதவரின் பதிலுக்குச் சரியான நேரம் காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் கேமராவின் சாமர்த்தியத்தைவிட இதுதான் பெரிது.

1958-இல் 'உத்தம புத்திரன்' பெயரிலேயே சிவாஜி இரட்டை வேடம் போட்டார். அதே வருஷம் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்'. 'தெய்வ மகன்' படத்தில் மூன்று சிவாஜி.

புகைப்பட ஸ்டுடியோவில் பிறந்த வித்தை, சினிமா பார்த்த மக்களால் புகைப்பட ஸ்டுடியோவுக்கே திரும்பிவந்தது. மத்தியப் பிரதேசத்து நாக்டாவில் ஸ்டுடியோக்கள் எடுத்த இரட்டைப் படங்களைப் பற்றி மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி 1997-இல் வெளிவந்த புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். நம் பக்கத்துப் படங்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. பேட்டையில் ஒரு வீட்டு முன்னறையில் அப்படியொன்று தொங்குகிறது. வேட்டி கட்டிய வாலிபர் நாற்காலியில் இருக்கிறார். பேன்ட் போட்ட அதே வாலிபர் அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். “அண்ணாச்சி, கூடப் பிறந்தவரா?” என்று கேட்டேன். “ரெண்டும் நாந்தான் வே” என்றார். உற்றுப் பார்த்தால் நாற்காலியின் முதுகில் கோடு தெரிகிறது. அந்தப் படக்காரர் அட்டை பிடித்த இடம் அது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால் பிரேமைக் கழற்றிப் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். எடுத்தவர் பெயரையும் வருஷத்தையும், சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.