‘தொடரும்’ என்ற ஒரு சொல்லும் ஏழு நாள் காத்திருப்பும்



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கற்பனைக் கதை எழுதச் சொல்லியிருந்தேன். நம் பிள்ளைகளின் கற்பனைக் கதைகள் எப்படி முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. “திடுக்கிட்டு எழுந்தேன். நான் கண்டது கனவு என்று உணர்ந்தேன்.” அன்றும் பத்துக்கு ஆறு கதைகள் அப்படியே முடிந்தன. ஆனால் ஒரு மாணவி மட்டும், கதைத்தலைவன் பாலத்திலிருந்து ஆற்றில் விழும் இடத்தில் நிறுத்தி, கீழே ‘தொடரும்’ என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் “முடிவு எங்கே?” என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் என் மேசைக்கு வந்து, “டீச்சர், கனவு என்று எழுதியவர்களுக்கு மட்டும் ஏன் மதிப்பெண் குறைக்கவில்லை?” என்று கேட்டாள். என்னிடம் உடனடி விடை இல்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான், 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. ஒரு நாட்டின் பல இலட்சம் மக்கள், ஒரு ‘தொடரும்’ என்ற சொல்லின் முன் ஏழு நாள் காத்துக்கிடந்த வரலாறு அது.

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர், 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி கொலையுண்ட மறுநாள் அது. நீல நிறக் காவல் பெட்டி வடிவிலான கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்பவரே அதன் தலைவர். முதலில் அவ்வேடத்தை ஏற்றவர் வில்லியம் ஹார்ட்னெல். அவர் உடல்நலம் குன்றியபோது தொடரை நிறுத்துவதா, வேறொருவரைக் கொண்டு தொடர்வதா என்ற சிக்கல் எழுந்தது. தயாரிப்பாளர்கள் கண்ட தீர்வு வியப்புக்குரியது. டாக்டர் மனிதரல்லர், உடல் தளர்ந்தால் அவர் புதிய உருவம் பெறுவார் என்று கதையிலேயே ஒரு விதியை உண்டாக்கினர். 1966 அக்டோபர் 29ஆம் நாள், பார்வையாளர்களின் கண்முன்னே ஹார்ட்னெல்லின் முகம் மறைந்து பாட்ரிக் டிரௌட்டனின் முகம் தோன்றியது. இம்மறுவுருவுக்கு இன்று வழங்கும் பெயர் 1974ஆம் ஆண்டில்தான் தொடரில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது.

இந்த விதிக்கு ஓர் இரட்டைத் தன்மை உண்டு. கதை சாகாது, ஆனால் நாம் விரும்பிய மனிதர் போய்விடுவார். இரசிகரைப் பொறுத்தவரை மறுவுரு என்பது பிறப்பும் இறப்பும் ஒன்றாய் நிகழும் நாள்.

1989 டிசம்பரில் நிறுத்தப்பட்ட தொடர், 1996இல் வந்த ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தைத் தவிர, நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 2005 மார்ச் 26ஆம் நாள் ரசல் டி டேவிஸ் அதனை மீண்டும் எழுப்பினார். கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் டாக்டராக நடித்தார். ஆனால் முதல் பகுதி ஒளியேறிய சில நாள்களிலேயே, அவர் விலகுகிறார் என்ற செய்தி வெளியாகிவிட்டது. அதனால் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் டேவிட் டெனன்டாக மாறியபோது, மக்கள் அதனை முன்னறிந்தே பார்த்தனர். வியப்பு என்னும் செல்வம் முன்கூட்டியே களவு போயிருந்தது.

இனி 2008 ஜூன் 28ஆம் நாளுக்கு வருவோம். அன்று சனிக்கிழமை. நான்காம் பருவத்தின் இறுதிக்கு முந்திய பகுதியான ‘தி ஸ்டோலன் எர்த்’ ஒளிபரப்பானது. பூமி உட்பட 27 கோள்கள் திருடப்படுகின்றன. டாலெக் என்னும் பகைவர்கள் பூமியைச் சூழ்கின்றனர். டாக்டரின் பழைய தோழர்கள் ஒவ்வொருவராய்த் திரும்பி வருகின்றனர். இறுதியில், நெடுநாள் பிரிந்திருந்த ரோசை வெறிச்சோடிய தெருவொன்றில் டாக்டர் காண்கிறார். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடுகின்றனர். அந்நேரத்தில் ஒரு டாலெக் அவரைச் சுட்டுவிடுகிறது. கலத்துக்குள் தூக்கிச் செல்லப்பட்ட அவர் உடலிலிருந்து பொன்னிற ஒளி பீறிடுகிறது, மறுவுரு தொடங்கிவிட்டது. அத்துடன் திரையில் ‘தொடரும்’ என்ற எழுத்து! வழக்கமாகக் காட்டும் அடுத்த வார முன்னோட்டமும் அன்று இல்லை.

நடிகர் மாறப்போகிறார் என்று எவரும் அறிவித்திருக்கவில்லை. 2005இல் களவு போன வியப்பு, 2008இல் முழுமையாக மக்களின் கைக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் டெனன்ட் போய்விட்டாரா என்பதே பேச்சு. செய்தித்தாள்கள் அடுத்த டாக்டர் யார் என்று ஊகம் எழுதின. தொடரை ஒழுங்காகப் பார்க்காதவர்கள்கூட, “என்ன ஆயிற்று?” என்று கேட்கத் தொடங்கினர்.

இரசிகர்கள் வீணாக அஞ்சினார்கள் என்று கூற இயலாது. அவர்களிடம் சான்றுகள் இருந்தன. 2009இல் முழுப் பருவம் இராது, சில சிறப்புப் பகுதிகள் மட்டுமே வரும் என்று 2007ஆம் ஆண்டிலேயே அறிவிப்பு வந்திருந்தது. டெனன்ட் 2008 கோடையில் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் ‘ஹாம்லெட்’டாக நடிக்கவிருந்தார். ஒரு நடிகர் விடைபெறுவதற்கு ஏற்ற காலமாகவே அது தோன்றியது. மறுபுறம், அவர் இருப்பார் என்றவர்களிடமும் சான்று இருந்தது. அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் பகுதிக்கான படப்பிடிப்பில் டெனன்டைப் பலர் முன்பே பார்த்திருந்தனர். ஆனால் அதே பகுதியில் டேவிட் மோரிசி என்ற இன்னொரு நடிகரும் பழங்கால உடையில் நின்றார். அவர்தாம் அடுத்தவரோ? இவ்வாறு ஒரே சான்று இரு கட்சிக்கும் உதவியது.

ஒரு வகுப்பறையில் நாம் எவ்வளவோ முயன்றும் கொண்டுவர இயலாத ஒன்றை அந்த ஒரு சொல் கொண்டுவந்தது என்பதே என் கருத்து. சிறுவர்களும் பெரியவர்களும் சான்று தேடினர், சீர்தூக்கினர், எதிர்க்கட்சியின் வாதத்தை மறுத்தனர், பழைய பகுதிகளை மீண்டும் புரட்டினர். கருத்தூன்றிப் படித்தல் என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருப்பது வேறென்ன?

அந்தப் பகுதியை 8.78 மில்லியன் மக்கள் பார்த்தனர். பார்வையாளர் மதிப்பீட்டுக் குறியீட்டில் அது 91 புள்ளிகள் பெற்றது; அதுவரை இத்தொடர் எட்டாத உயரம் அது. அடுத்த சனிக்கிழமை, ஜூலை 5ஆம் நாள், ‘ஜர்னீஸ் எண்ட்’ என்ற இறுதிப் பகுதியை 10.57 மில்லியன் மக்கள் பார்த்தனர். 1963இல் தொடங்கிய அத்தொடர், ஒரு வாரத்தின் முதலிடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை.

சரி, விடை என்ன? டாக்டர் மாறவில்லை! தம் காயத்தை ஆற்றிக்கொண்டதும், எஞ்சிய ஆற்றலை ஒரு கண்ணாடிக் கலனில் இருந்த வெட்டுண்ட கையின்மீது செலுத்திவிட்டார். முகம் அப்படியே இருந்தது.

இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். “ஏழு நாள் எங்களை அழவைத்துவிட்டு, சில நொடிகளில் ஏமாற்றிவிட்டார்கள்” என்றனர் ஒரு சாரார். “இல்லை, இதுவே நேர்மையான முடிவு” என்றனர் மறு சாரார். இரண்டாமவர் பக்கம் ஒரு வலுவான வாதம் இருந்தது. அந்தக் கை திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 2005 கிறிஸ்துமஸ் பகுதியில், வாட்போர் ஒன்றில் வெட்டப்பட்ட டாக்டரின் கையே அது. 2007ஆம் ஆண்டிலும் அது கதையில் வந்து போயிற்று. இரண்டரை ஆண்டுகளாக விடை மக்களின் கண்முன்னே இருந்தது. பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அது மட்டுமன்று. அந்த மறுவுரு கணக்கில் சேருமா என்ற வழக்கும் எழுந்தது. ஒருவர் 12 முறை மட்டுமே மறுவுரு பெற முடியும் என்பது 1976இல் வகுக்கப்பட்ட விதி. 2013 கிறிஸ்துமஸ் பகுதியில், “சேரும்” என்று தொடரே தீர்ப்பளித்தது. சில நொடிகளில் கடந்துபோன காட்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நாம் நோக்க வேண்டும். அந்த வாரம் எல்லாரும் டாக்டருக்காகவே கவலைப்பட்டனர். இறுதிப் பகுதியிலோ, இழப்பு டோனா என்ற தோழியின் தலையில் விழுந்தது. அவள் உயிர் பிழைக்க, டாக்டருடன் வாழ்ந்த நாள்களின் நினைவு முழுவதும் அவளிடமிருந்து அழிக்கப்பட்டது. எவரும் காவல் நிற்காத வாயில் வழியே துயரம் நுழைந்தது. பலர் இன்றும் அப்பகுதியை நினைவுகூர்வது டாக்டரின் பொன்னிற ஒளிக்காக அன்று. டோனாவின் வெறுமையான முகத்திற்காகவே.

இரசிகர்களின் ஆர்வத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோர்க்கு ஒரு செய்தி. 1960களில் வந்த பல பகுதிகளின் நாடாக்களை, மீண்டும் பயன்படுத்துவதற்காகவும் இடப் பற்றாக்குறையாலும் பி.பி.சி. அழித்துவிட்டது. டிரௌட்டனின் முகம் தோன்றிய அந்த 1966ஆம் ஆண்டுப் பகுதியும் முழுமையாக இன்று இல்லை. மறுவுருக் காட்சி மட்டும், சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்தாளப்பட்டதால் தப்பியது. ஆயினும் காணாமற்போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் நம்மிடம் உள்ளது. எப்படி? வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த இளம் இரசிகர்களால்தான். நிறுவனம் எறிந்ததை அன்பு காப்பாற்றியது.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ‘கனவு’ என்ற முடிவு ஏன் தாழ்ந்தது? அதற்கு முன் எந்த விதையும் ஊன்றப்படவில்லை. படித்தவரின் காத்திருப்புக்கு அது எந்த விலையும் கொடுப்பதில்லை. அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல், ‘தொடரும்’ என்பதற்குக் குறைத்தது என் பிழை. ‘தொடரும்’ என்பது முடிவில்லாமை அன்று. அது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியைக் கொடுத்தவரிடம் மதிப்பெண்ணைப் பிடுங்குவதைவிட, வாக்கை நிறைவேற்றச் சொல்வதே ஆசிரியரின் கடமை.

மறுநாள் அவளை அழைத்து அதையே சொன்னேன். “ஒரு வாரம் தருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அவன் எதனால் பிழைக்கிறானோ, அது நீ ஏற்கனவே எழுதிய பக்கத்தில் இருக்க வேண்டும்.” அவள் தன் தாளை வாங்கி, நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அந்த வாரம் வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டு, “பிழைப்பானா, மாட்டானா?” என்று கேட்டது. ஐவர் ஐந்து முடிவுகளைச் சொன்னார்கள். ஒருவரும் ‘கனவு’ என்று சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் கதையை முடித்துக் கொண்டுவந்தாள். தலைவன் முதல் பத்தியில், தாத்தாவின் படகைக் கட்ட மறந்து வந்திருந்தான். நான் அந்த வரியை முதல் முறை படித்தபோது கவனிக்கவே இல்லை. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

பெற்றோர்களே, இரவில் கதை சொல்லும்போது ஒருநாளேனும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். பிள்ளை உறங்காமல் கேள்வி கேட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். மறுநாள் மட்டும் மறவாமல் கதையை முடித்துவிடுங்கள்.