லயத்து விளக்கும் மலையாற்று மின்சாரமும்

வீட்டுச் சாதனம் ஒன்று எவ்வளவு மின்சாரத்தை நுகர்கின்றது என்பதை வெறும் பொறியியற் கணக்காகக் கொள்வதே வழக்கம். 40 வாற்று மின்குமிழ் நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் 30 நாளில் 6 அலகு. 1000 வாற்று மின்னழுத்தி ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடேறினால் 1 அலகு. ஒரு லீற்றர் குளிர்நீரைத் தேநீருக்குக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.1 அலகு. ஆயின், அவ்வலகு யாருடைய வீட்டில், எக்காலத்திற் செலவாயிற்று என வினவும்போது கணக்கு சமூக வரலாறாகின்றது. தலவாக்கலையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் அவ்வரலாற்றுக்குத் தக்க களமாகும்.

மலையாறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுரையொன்றில் எடுத்துக்காட்டினார். லக்சபான மின்நிலையம் 1950இல், 25 மெகாவாற்றுடன், இயங்கத் தொடங்கியது. மலையகத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இரண்டாண்டு பிந்திய நிகழ்வு இது. மின்கம்பிகள் தோட்டங்களைக் கடந்து கொழும்பு நோக்கிச் சென்றன. 1960களில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது.

மின்சாரம் மலையகத்துக்குப் புதிதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே பல தோட்டங்கள் தம் ஓடைகளிற் சிறு நீர்மின் பொறிகளை நிறுவியிருந்தன. கொழுந்து வாட்டும் விசிறியும் அரைக்கும் உருளையும் துரை பங்களாவும் அதனாற் பயன்பெற்றன. கொழுந்து பறித்தவளின் காம்பராவிலோ மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. இதனை வறுமையால் மட்டும் விளக்குவோர் (நம் ஆய்வாளருள்ளும் இவர் உளர்) சொத்துறவை மறந்துவிடுகின்றனர். லயம் தோட்டத்தின் உடைமை. வாழ்பவரிடம் உறுதி இல்லை. எனவே நிர்வாகத்தின் இசைவின்றி இணைப்புப் பெறுதல் அரிதாயிற்று. 1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் காம்பராவின் உடைமை அதில் வாழ்ந்தவரைச் சேரவில்லை.

இவ்விழப்பின் பெரும்பகுதியைச் சுமந்தவர் பெண்களே. மாலையில் மலையிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு விறகுக் கட்டும் புகையடுப்பும் கரி போட்ட அழுத்தியும் காத்திருந்தன. மேற்கூறிய 0.1 அலகு இல்லாத இடத்தை அவளது உழைப்பு நிரப்பிற்று. அவ்வுழைப்பு எந்தச் செக்றோலிலும் பதியப்படவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை.

இன்று பெரும்பாலான லயங்களில் மின்சாரம் உண்டு. தலவாக்கலையிலேயே கொத்மலை ஓயா மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கவழி நீர் செலுத்தப்பட்டு, 150 மெகாவாற்று மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. சென்கிளயர் அருவி மெலியும் என்று மலையக மக்கள் எதிர்த்ததும், குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டதும் அதன் வரலாற்றில் அடங்கும். முழு வலுவில் ஒரு மணித்தியாலம் இயங்கினால் அது 1,50,000 அலகு தரும். காம்பராவுக்கு ஒரு மின்குமிழாக, 25,000 காம்பராக்களின் ஒரு மாத வெளிச்சம் அது. இக்கணக்கை 1950இலும் போட்டிருக்கலாம். அன்றைய லக்சபான ஒரு மணித்தியாலத்தில் தரக்கூடியது 25,000 அலகு; அது நாலாயிரத்துக்கு மேற்பட்ட காம்பராக்களுக்கு ஒரு மாதம் போதுமானதாயிருந்திருக்கும்.