பாடகருக்குக் கேட்பவர் சொன்ன பதில்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே ஒரு தெருவில், சிறுமி ஒருத்தி காகிதத்தைப் புனல்போல் சுருட்டி அதற்குள் பாடிக்கொண்டிருப்பாள். கிராமபோன் பெட்டியின் குழாயாக அந்தக் காகிதத்தை அவள் பாவித்தாள். 1916இல் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்த அச்சிறுமிதான் எம்.எஸ். சுப்புலட்சுமி. இந்த விளையாட்டை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பத்து வயதில் அவருடைய முதல் இசைத்தட்டும் பதிவாயிற்று.

காகிதக் குழலுக்குள் பாடிய சிறுமிக்கு எதிரே கேட்பவர் யாரும் இல்லை. தலையசைக்கவோ, 'பலே' என்று சொல்லவோ ஆளில்லை. அறிவியல் இசைக்குத் தந்த பெரிய நன்மையும் பெரிய சிக்கலும் இதில் அடங்கியுள்ளன. பாட்டு தொலைதூரம் போயிற்று. ஆனால் கேட்டவரின் பதில் திரும்பி வரும் வழி எது?

பார்வை எட்டும் தூரம்

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே, ஒலிபெருக்கி வருவதற்கு முன் பாடுபவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. பதிலும் உடனே கிடைத்தது. சித்திரைத் திருவிழாவில் நாதசுவரக்காரர், கூட்டம் நின்று கேட்கிறதா, கலைகிறதா என்பதைக் கண்ணாலேயே அறிந்தார்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில், நாடகக் கொட்டகைகளில் 'ஒன்ஸ்மோர்' என்ற குரல் எழுந்தால் கதை நின்றுவிடும். நடிகர் அதே பாட்டை மீண்டும் பாடுவார். கச்சேரி மேடையில் இதே வேலையைத் துண்டுச் சீட்டு செய்தது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய 'இங்கிலீஷ் நோட்டு', மதுரை மணி ஐயர் (1912-1968) கச்சேரிகளில் ரசிகர்கள் விரும்பிக் கேட்ட உருப்படி. அதற்குப் புகழ் தேடித் தந்ததில் பாடியவருக்கும் கேட்டவருக்கும் பங்குண்டு.

பேசும், ஆனால் கேளாத பெட்டி

எடிசன் 1877இல் அமைத்த போனோகிராப், ஒலியைப் பதிவும் செய்யும், திருப்பியும் ஒலிக்கும். 1887இல் பெர்லினர் தட்டையான இசைத்தட்டு முறைக்குக் காப்புரிமை கோரினார். ஒரே மூல அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை வார்க்க முடிந்ததால் இந்த முறையே வென்றது. ஆனால் வீட்டிலிருந்த கிராமபோன் பெட்டியால் ஒலிக்க மட்டுமே முடியும். பதிவு செய்ய முடியாது. கேட்பவர் கேட்பவராகவே நின்றுவிட்டார்.

இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் கெய்ஸ்பர்க் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். பாடகி கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டு வார்ப்போருக்கு அடையாளம் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாட முடியும். நீண்ட ஆலாபனையை விரல்விட்டு எண்ணும் சில வீச்சுகளில் முடிக்க வேண்டியதாயிற்று. அது கேட்டவரைத் தொட்டதா என்பதைப் பாடியவர் அறிய வழியில்லை. எத்தனை தட்டு விற்றது என்ற எண்ணிக்கை மட்டும் கம்பெனிக்குத் தெரிந்தது.

காலணாக் கார்டின் ஆற்றல்

வானொலி இந்த இடைவெளியை மேலும் விரித்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. சபாவின் படியை மிதித்திராத உழவரும் ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து பாட்டுக் கேட்டனர்.

பதில் சொல்ல அவர்களுக்கு உதவியது ஒரு பழைய கருவி. இந்தியாவில் 1879இல் காலணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டைதான் அது! 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் குறைக்கப்பட்டன. நேயர்கள் சிற்றலை வரிசையில் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். அங்கே விருப்பப் பாடலைக் கார்டில் எழுதிப் போடலாம். எழுதியவரின் பெயரும் ஊரும் காற்றில் ஒலிக்கும். மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் பாட்டோடு தன் பெயரையும் கேட்ட இளைஞருக்கு அது சாதாரண நிகழ்ச்சியா? 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கி அகில இந்திய வானொலியும் மனம் மாறியது. கேட்பவரை மதியாத நிலையத்தை அவர் விட்டுவிடுவார் என்பது இதன் பாடம்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழை, பதிவு செய்யும் உரிமையைக் கேட்பவரிடமே திருப்பித் தந்தது. 1980களில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கடையில் கொடுத்தால், காலி கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். அந்தப் பட்டியல் உண்மையான ரசிகர் கருத்து. ஆனால் அது கடைக்காரரோடு நின்றுவிட்டது. இசையமைத்தவர் கைக்குப் போகவில்லை.

எண்ணிக்கை பதிலாகுமா?

வெற்றி பெற்ற வழிகளைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஒன்ஸ்மோர்' குரலுக்கும் சீட்டுக்கும் செலவு இல்லை. கார்டுக்கு மிகக் குறைந்த செலவு. யார் வேண்டுமானாலும் பங்குபெறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னதற்குப் பதில் கிடைத்தது. பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அடுத்த கார்டை எழுத வைத்தது.

இன்று கைப்பேசி, ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்டனர் என்று நொடியில் சொல்லிவிடுகிறது. இசைத்தட்டு விற்பனைக் கணக்கைப் போலவே இதுவும் ஓர் எண்தான். எந்தச் சங்கதியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார் என்பதை அந்த எண் சொல்லாது. அதைக் கேட்டவர்தான் சொல்ல முடியும், பாடியவரும் கேட்டறிய வேண்டும். உங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த முறை நாதசுவரம் முடிந்ததும் கலைஞரிடம் சென்று, எந்த ராகம் பிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆண்டு அதே ராகத்தை அவர் இன்னும் சற்று நீட்டி வாசிக்கக்கூடும்.