கிரானில் திரும்பிய காற்று

1990 என்றால் எங்கட ஊர்களில் காத்தான்குடியையும் ஏறாவூரையும்தான் சொல்வார்கள். இரண்டும் ஓகஸ்டில் நடந்தவை. அதற்கு ஒன்றரை மாதம் முன்னர், ஜூன் 18ஆம் திகதி, கல்முனைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீற்றர் தூரத்தில் கிரானில் நடந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. நாங்கள் அப்போது பிறக்காதவர்கள், அல்லது தொட்டிலில் கிடந்தவர்கள்.

கிரான் இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். 60இற்கும் மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டனர். யுத்தகளத்தில் அரசல்லாத ஓர் இயக்கம் இரசாயன ஆயுதம் பாவித்த முதல் சம்பவம் இது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். காற்று மாறியதில் வாயு தாக்கியவர்கள் பக்கமும் திரும்பியது. காலையில் தரைக்காற்று, பின்னேரம் கடற்காற்று என்று வாழும் இந்தக் கரையில் இது யாருக்கும் தெரியாத சங்கதியல்ல.

குளோரின் எங்கிருந்து வந்தது? பக்கத்து வாழைச்சேனை கடதாசி ஆலையிலிருந்து. கூழை வெளுக்க வைத்திருந்த சரக்கு அது. கொப்பித்தாளை வெள்ளையாக்கும் பொருளே நுரையீரலையும் எரித்தது. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மன் படை 5,000இற்கு மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்தபோதும் வந்தது இதே வாயுதான்.

இரசாயன ஆயுத உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29இல் அமுலுக்கு வந்தது. இலங்கை அதை 1994இலேயே ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுச் சட்டம் 2007இல்தான் வந்தது. அந்த உடன்படிக்கையின் பொருட் பட்டியல்களில் குளோரின் இல்லை. ஆனால் எந்த நச்சுப் பொருளையும் ஆயுதமாகப் பாவித்தால் அது இரசாயன ஆயுதம்தான். நோக்கத்தைத்தான் சட்டம் பார்க்கிறது.

இன்னொரு விதி எங்கட மீனவர்கள் அறிய வேண்டியது. இரசாயன ஆயுதங்களை அழிக்கும்போது கடலில் கொட்டக்கூடாது, மண்ணில் புதைக்கக்கூடாது, திறந்தவெளியில் எரிக்கக்கூடாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பால்டிக் கடலில் பல்லாயிரம் தொன் கொட்டினார்கள். பின்னர் பல தசாப்தங்களாக டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவு மீனவர்களின் வலையில் மஸ்டர்ட் வாயுக் கட்டிகள் ஏறின. தொட்டவர்களின் தோல் வெந்தது. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ கரைவலை இழுப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குளோரினை ஊரைவிட்டே விரட்ட முடியுமா? முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையின் கிணறுகளுக்குப் போட்டதும் குளோரின்தான். குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் அது இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது வேறு: சிலிண்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, திறப்பு யாரிடம், கசிந்தால் அயலவருக்கு யார் அறிவிப்பார்?

கசிந்தால் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். குளோரின் காற்றைவிடப் பாரம், தரையோடு தவழும். கிணற்றடி, பள்ளம், வடிகான் பக்கம் ஒதுங்கக்கூடாது; மேட்டுக்குப் போக வேண்டும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். பட்ட உடுப்பைக் களைந்து, கண்ணையும் உடம்பையும் நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.