கழட்டினதைத் திரும்ப மாட்டியவர்கள்: ஒரு முன் ஆக்ஸிலின் கதை

'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் ஒரு கறுப்பு டொயோட்டா பிக்கப் வருமே, ஞாபகம் இருக்கா? ஹீரோ மார்ட்டி ஏக்கமா பார்த்துக்கிட்டு நிப்பானே, அந்த வண்டி. படம் வந்தது 1985 ஜூலையில். வண்டியும் 1985 மாடல்தான். அமெரிக்காவில் டொயோட்டா தன்னோட ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை முன்பக்கம் சாலிட் ஆக்ஸிலோட விற்ற கடைசி மாடல் வருஷம் அது.

1986 மாடலில் டொயோட்டா அந்த ஆக்ஸிலைத் தூக்கிட்டு, இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷனை வெச்சது. கம்பெனி கணக்குப்படி அது முன்னேற்றம். ஆனா அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஒரு கூட்டம் அந்தப் புது சஸ்பென்ஷனை அறுத்துப் போட்டுட்டு, பழைய ஆக்ஸிலைத் திரும்ப மாட்டிக்கிட்டே இருக்கு. அவங்க முட்டாள்களா, இல்ல டொயோட்டா தப்பு பண்ணிடுச்சா? ரெண்டும் இல்லைங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

திரும்பவும் வேணும், இழுக்கவும் வேணும்

முதல்ல அடிப்படை. சாலிட் ஆக்ஸில்னா இடது சக்கரத்தில் இருந்து வலது சக்கரம் வரைக்கும் ஒரே இரும்புக் குழாய். உள்ளே கிரவுன், பினியன், ஆக்ஸில் ஷாஃப்ட். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினா மறுபக்கச் சக்கரமும் சேர்ந்து சாயும். லாரியின் பின்பக்கம் குனிஞ்சு பார்த்தா தெரியுமே, அதேதான். இண்டிபெண்டெண்ட்னா ரெண்டு சக்கரமும் தனித்தனியா மேலே கீழே போகும்.

பின்பக்கம் இது சுலபம். முன்பக்கம்தான் சிக்கல். ஏன்னா முன் சக்கரம் திரும்பவும் வேணும், அதே நேரத்தில் எஞ்சின் சக்தியில் இழுக்கவும் வேணும். 1908-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிளின்டன்வில் என்ற சின்ன ஊரில், மெஷின் ஷாப் வெச்சிருந்த மச்சான்கள் ரெண்டு பேர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு பேட்டன்ட் வாங்கினாங்க. ஆட்டோ சாக்கோ, வில்லியம் பெசர்டிக். திரும்பும் பந்து மாதிரி ஒரு கூட்டுக்குள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டை வெச்சாங்க. அதில் இருந்து பிறந்த எஃப்.டபிள்யூ.டி. கம்பெனியின் லாரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஓடின.

அடுத்தது 1940. ஜெர்மனி ஐரோப்பாவை விழுங்கிக்கிட்டிருந்த நேரம். சின்னதா ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி கேட்டு அமெரிக்க ராணுவம் கொடுத்த கெடு 49 நாள். பேன்டம் என்ற சின்ன கம்பெனி செப்டம்பர் 23 அன்னிக்கு மாதிரி வண்டியைக் கொண்டு போய் நிறுத்தியது. ஆக்ஸிலைப் புதுசா வடிவமைக்க நேரமே இல்லை. ஸ்டுடிபேக்கர் காருக்காகச் செஞ்ச ஆக்ஸிலை ஸ்பைசர் கம்பெனி மாத்திக் கொடுத்தது. ஜீப்போட முதல் ஆக்ஸிலே இன்னொரு வண்டியில் இருந்து வந்ததுதான்! அந்த ஜீப்போட வாரிசுகளை மகிந்திரா 1947-ல் இருந்து நம்ம ஊர்ல பூட்டி விற்றதால, லீஃப் ஸ்பிரிங் மேல உட்கார்ந்த அந்த முன் ஆக்ஸில் நமக்கும் பழக்கமானதுதான்.

டொயோட்டா ஏன் எடுத்தது?

1979-ல் டொயோட்டா அமெரிக்காவில் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை இறக்கியது. நமக்கு ஹைலக்ஸ்னு தெரிஞ்ச வண்டி. முன்னாடி சாலிட் ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். சக்கரத்துப் பக்கம் பர்ஃபீல்ட் ஜாயின்ட், அதைச் சுத்தி கிரீஸ் நிரப்பின உருண்டைக் கூடு. எளிமை, உறுதி. மலைப் பாதைக்காரங்களுக்குப் புதையல்.

ஆனா எண்பதுகளில் வண்டி வாங்கினவர் மாறிட்டார். முன்னெல்லாம் விவசாயி, சுரங்கக்காரர், வேட்டைக்காரர். இப்போ திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஆபீஸுக்கு ஓட்டுறவரும் வரிசையில் நிக்கிறார். அவருக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி குதிக்கக் கூடாது. சாலிட் ஆக்ஸிலில் அந்த எடை முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குது. ஒவ்வொரு பள்ளத்திலும் அத்தனை இரும்பும் ஆடும், ஸ்டீயரிங் உதறும். நிசானின் 720, செவ்ரோலேயின் எஸ்-10 எல்லாம் ஏற்கனவே இண்டிபெண்டெண்டுக்குப் போயாச்சு. டொயோட்டாவும் டார்ஷன் பார் வெச்ச சஸ்பென்ஷனுக்கு மாறியது. ரோட்டில் ஓட்ட அது நல்ல வண்டி. அதில் சந்தேகமே வேண்டாம்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. ஆஸ்திரேலியாவில் இதே ஹைலக்ஸ், எல்என்106 என்ற மாடல், 1997 வரைக்கும் சாலிட் முன் ஆக்ஸிலோடயே வித்தது. பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் அதைத்தான் கேட்டாங்க. ஒரே கம்பெனி, ஒரே காலம், ரெண்டு பதில். 1986 மாற்றம் "பழசு மோசம், புதுசு நல்லது" என்கிற தீர்ப்பே இல்லை. "யாரு ஓட்டப் போறா?" என்கிற கேள்விக்கு அமெரிக்காவில் கிடைச்ச பதில்.

ரோல்பேக் அவ்வளவு சுலபமா?

கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயில் மாதிரி பாறைப் பாதையில் போறவருக்கு அந்தப் பதில் ஒத்து வரலை. அங்க வேகம் நடக்கிற வேகம்தான். சக்கரம் எவ்வளவு தூரம் கீழே இறங்கித் தரையைத் தொடும் என்பதுதான் கேள்வி. இண்டிபெண்டெண்டில் சி.வி. ஜாயின்ட்டோட கோணம் ஒரு எல்லைக்கு மேல போகாது. லிஃப்ட் கிட் போட்டா வண்டி உயரும், ஆனா சக்கரத்தோட அசைவு பெருசா கூடாது. அதனால ஆக்ஸிலையே மாத்தக் கிளம்பினாங்க.

நம்ம மொழியில் சொன்னா இது ஒரு ரோல்பேக். ஆனா பழைய வெர்ஷனை நம்பி இருந்த மத்த எல்லாமே இதுக்குள்ள மாறிப் போச்சு. அதனால வெல்டிங் மெஷினை எடுக்கிறதுக்கு முன்னாடி பேப்பர், பேனா எடுக்கணும்.

முதல் கேள்வி, டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம்? 1979 முதல் 1995 வரைக்கும் டொயோட்டா பிக்கப்பில் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் வலது பக்கம் இறங்குது. அதனால பழைய டொயோட்டா ஆக்ஸில் பொருந்தும். அந்தக் காலத்துப் பெரிய செவ்ரோலே பிக்கப் ஆக்ஸிலும் வலதுதான். எழுபதுகளின் கடைசி ஃபோர்டு ஆக்ஸில் இடது. விலை மலிவா இருக்குன்னு அதை வாங்கினா டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து மாத்தணும்.

ரெண்டாவது, பல் விகிதம். பின்னாடி 4.10 இருந்தா முன்னாடியும் 4.10. வேற வேற இருந்தா, ஃபோர் வீல் போட்ட உடனே முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்.

மூணாவது, அகலம். 1986-ல் வண்டி கிட்டத்தட்ட 3 அங்குலம் அகலமாச்சு. பழைய ஆக்ஸிலை அப்படியே மாட்டினா முன்பக்கம் ஒடுங்கித் தெரியும்.

நாலாவது, கோணம். இது அழகான தலைவலி. சைக்கிள் கையை விட்டாலும் நேரா போறதுக்கு ஃபோர்க் சாய்ஞ்சிருக்கிறதும் ஒரு காரணம். காரில் அந்தச் சாய்வுக்குப் பேரு கேஸ்டர். வண்டியை உயர்த்தினதும் புரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகும். அதைச் சரி பண்ண பினியனை மேல் நோக்கித் திருப்பினா, அதே குழாயில் இருக்கிற கேஸ்டர் குறைஞ்சிடும். ஒண்ணைக் கொடுத்தாத்தான் ஒண்ணு கிடைக்கும். ரெண்டும் வேணும்னா குழாய் முனையை அறுத்து, கோணத்தைத் திருப்பி, மறுபடி வெல்டு பண்ணணும்.

அஞ்சாவது, ஸ்டீயரிங். லீஃப் ஸ்பிரிங்னா ஆக்ஸிலைப் பக்கவாட்டில் ஸ்பிரிங்கே பிடிச்சுக்கும். காயில் ஸ்பிரிங்னா பான்ஹார்டு ராடு வேணும், அதுக்கு இணையாத்தான் ஸ்டீயரிங்கோட டிராக் லிங்க் போகணும். இல்லைன்னா ஒவ்வொரு மேட்டிலும் நீங்க திருப்பாமலே வண்டி திரும்பும்.

இதில் ஒரு வேடிக்கை. பலரும் நம்பின தீர்வுகள் அவங்க கழட்டிப் போட்ட வண்டியிலேயே இருந்தது. இண்டிபெண்டெண்ட் மாடலோட பவர் ஸ்டீயரிங் பாக்ஸை எடுத்து சாலிட் ஆக்ஸிலுக்கு வெச்சாங்க. அதே மாடலோட முன் ஹப்பை எடுத்துப் பழைய ஆக்ஸிலில் மாட்டினா பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் அகலம் கூடும். கூட்டிப் பாருங்க, காணாமல் போன அதே 3 அங்குலம்! பழமை மோகத்தில் போனவங்க இப்படிச் செய்ய மாட்டாங்க. தனக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சவங்கதான் ரெண்டு பக்கமும் பொறுக்கி எடுப்பாங்க.

கடைசியா ஒண்ணு

கேக்கிறவங்களில் யாருக்காவது கை துறுதுறுக்குதுன்னா, பொறுங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் இருக்கிற கம்பெனி விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்த முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

சட்டத்தை விடுங்க, காரணம் இன்னும் நேரடியானது. தொழிற்சாலையில் ஒரு ஆக்ஸில் வெளிய வர்றதுக்கு முன்னாடி அதை உடைச்சுப் பார்க்கவே ஒரு டீம் இருக்கும். வீட்டுக் கொட்டகையில் அந்த டீம் நீங்க ஒரே ஆள். நம்ம கோடு கிராஷ் ஆனா ஒரு எரர் மெசேஜ். ஸ்டீயரிங் வெல்டு ஹைவேயில் விட்டுப் போனா, விலை கொடுக்கிறவர் எதிரே டூவீலரில் வர்ற யாரோ ஒருத்தர். நல்லா ஸ்வாப் பண்றவங்க மாசக்கணக்கில் அளந்துக்கிட்டே இருக்கிறது அந்த முகம் தெரியாத ஆளுக்காகவும்தான்.