ஊரை விட்டார், நெறியை விடவில்லை

திருநாவுக்கரசரை நீற்றறையில் இட்ட வரலாறும், பிரகலாதனைத் தந்தை வதைத்த கதையும் நம் வீட்டுச் சிறுவரும் அறிந்தவை. ஆயினும் அவற்றைக் கேட்கும் இளைஞர் சிலர், "அவர்களுக்கு இறைவன் அற்புதம் நிகழ்த்தினான், பிழைத்தார்கள். அற்புதம் நிகழாதவிடத்து அறவழி நின்றவன் கதி யாது?" என வினவுவதுண்டு. வினா நியாயமானதே. அதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நமது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பிறந்த ஒருவருடைய வாழ்க்கையே போதிய விடையாகும். அவர்தாம் ஞானப்பிரகாச முனிவர்.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டது. கடைசி மன்னனான சங்கிலி சிறைப்பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் தளபதி பிலிப்பு தெ ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். வேறு கோயில்கள் பலவும் அவ்வாறே அழிந்தன. அர்ச்சகர் சிலர் மூர்த்திகளைக் கிணற்றிலும் குளத்திலும் மறைத்துவிட்டு ஊரைவிட்டு அகன்றனர். வெளிப்படையாகத் திருநீறு பூசுதலும் விரதம் அநுட்டித்தலும் ஆபத்தாயின. விரத நாளிலே உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுப்பார் உளர் என அஞ்சி, அதனை வீட்டுக் கூரையின் இறப்பிலே செருகி மறைத்தனர் என்பது நம் முதியோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இக்காலத்திலேதான் அந்த ஆணை பிறந்தது. அதிகாரியின் உணவுக்காக வீட்டுக்கொரு பசுவாக முறைவைத்துக் கொடுத்தல் வேண்டும் என்பதே அது. திருநெல்வேலியில் ஞானப்பிரகாசர் வீட்டு முறை அடுத்த நாள் என்றாயிற்று. கொடுத்தால் வீடும் வயலும் மிஞ்சும். கொடாவிட்டால் தண்டனை உறுதி. அன்று அவர் கொடுத்திருந்தாற்கூட அவரைக் குறைகூறுவார் இருந்திரார். "ஆணைக்கு அடங்கினேன்" என்று சொல்லித் தம் மனத்தையும் ஆற்றியிருக்கலாம். ஆனால் பாலூட்டிய பசுவைத் தம் கையாலே கொலைக்கு ஒப்புவிக்க அவர் உள்ளம் இசையவில்லை. அன்றிரவே உற்றார், உறைவிடம், நிலபுலம் யாவற்றையும் துறந்து புறப்பட்டுக் கடல் கடந்து சிதம்பரம் சேர்ந்தார் என்று கர்ணபரம்பரை கூறும்.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். அவருக்காகக் கடல் வற்றவில்லை. பறங்கியர் படை அழியவில்லை. இழந்த வீடும் மீண்டு வரவில்லை. செய்தது தருமம், கிடைத்தது அந்நிய ஊரில் அகதி வாழ்க்கை. "நல்லது செய்தேனே, ஆண்டவன் எனக்கு இதனையோ தந்தான்?" என்று நொந்து, கோயில் வாயிலையே மறந்துவிடுபவர் நம்மிடையே எத்தனை பேர்!

ஞானப்பிரகாசரோ அப்படிச் செய்யவில்லை. வடக்கே கௌட தேசம் வரை சென்று வடமொழியும் தருக்கமும் சாத்திரங்களும் கற்றார் என்பர். பின்னர் தமிழகம் மீண்டு, திருவண்ணாமலை ஆதீனத்திலே துறவு பூண்டார். சிவஞானசித்தியாருக்கு உரை கண்ட அறுவருள் ஒருவராக விளங்கினார். பௌஷ்கராகமத்துக்கு வடமொழியில் விருத்தி வரைந்தார். அவருடைய உரைக் கொள்கையைச் சிவஞான முனிவர் பின்னாளிலே வன்மையாக மறுத்து நூல் செய்தார். கொள்கையிலே அறிஞர் மாறுபடுவர், அது இயல்பு. அவருடைய தியாகத்தை மறுப்பார் எவருமிலர். அவர் தோண்டுவித்த ஞானப்பிரகாசர் குளம் இன்றும் சிதம்பரத்தில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

ஊரை விட்டுப் போகாதவரை நாம் இழிவாக எண்ணலாகாது. பிள்ளை குட்டிகளோடு எங்கே போவது என்று தங்கியவர்களே பலர். அவர்கள் பதிவேட்டில் வேறு பெயர் கொண்டனர். அகத்திலே பழைய பெயரால் இறைவனை அழைத்தனர். இறப்பிலே செருகிய அந்த இலையும் ஒரு வழிபாடே. 1658இல் ஒல்லாந்தர் வந்தபின்னரும் உத்தியோகத்துக்கும் விவாகப் பதிவுக்கும் அவர்களுடைய திருச்சபையின் வாயிலை நாடவேண்டியிருந்தது. இருந்தும், பதினெட்டாம் நூற்றாண்டிலே, ஒல்லாந்தர் ஆட்சி முடிவதற்கு முன்னரே, நல்லூரில் முருகனுக்கு மீண்டும் கோயில் எழுந்தது. மறைவிலே காத்தவர்கள் இல்லையேல் அது எழுந்திராது.

இன்னொன்றையும் நடுவுநிலையோடு சொல்லவேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் துன்புறும் முறை கத்தோலிக்கருக்கு வந்தது. அவர்களுடைய குருமார் துரத்தப்பட்டனர். 1687இல் யோசேவாஸ் என்னும் குரு, பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையிலே தங்கி மறைவாகத் தம் மக்களுக்குத் தொண்டாற்றினார். நம்மவர் இலையை ஒளித்த அதே மண்ணிலே அவர்கள் செபமாலையை ஒளித்தார்கள். ஆதலின் கொடுமை ஒரு சமயத்துக்கே உரிய குணமன்று; உறுதியும் ஒரு சமயத்துக்கே உரிய சொத்தன்று. வருத்தினவரை வெறுப்பதற்காக இவ்வரலாற்றை நாம் படிக்கவில்லை. வருந்தியவர் எவ்வாறு நின்றார் என்று அறியவே படிக்கின்றோம்.

ஞானப்பிரகாசர் மரபிலே, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், 1822இல் நல்லூரில் தோன்றியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் கீழ் அவருக்கு நல்ல வேதனமும் மதிப்பும் உள்ள பதவி இருந்தது. 1848இல் அதனைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் பசுவைக் கொடாமல் வீட்டை இழந்தார். மற்றவர் சைவத்தின் பொருட்டுச் சம்பளத்தை இழந்தார். முன்னவர் அடைக்கலம் புகுந்த சிதம்பரத்திலேயே பின்னவர் 1864இல் ஒரு வித்தியாசாலை நிறுவினார் என்பது சிந்திக்கத்தக்கது.

திருநீறு அணிந்து சென்றமைக்காக மாணவர் சிலர் மிசன் பாடசாலையொன்றிலிருந்து விலக்கப்பட்ட காலமும் உண்டு. அப்பிள்ளைகளுக்காக நாவலர் 1872இல் சைவ ஆங்கில வித்தியாசாலை தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. உலகம் அதனைத் தோல்வி என்றது. நாவலர் 1879இல் சிவபதம் அடைந்தார். ஆனால் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. விதைத்தவர் கண்ணால் விளைச்சலைக் காணவில்லை, விளைச்சல் பொய்க்கவுமில்லை.

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பசுவை இன்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பொய்க் கணக்கிலே கையொப்பம் இடும்படி கேட்பார்கள். அநீதியைக் கண்டும் வாய்திறவாதிருக்கும்படி கேட்பார்கள். மறுத்தால் பதவி உயர்வு போகலாம், நண்பர் விலகலாம், சில வேளை ஊரும் போகலாம். அப்பொழுது, "நான் வணங்கும் தெய்வம் ஏன் வாளாவிருக்கின்றது?" என்னும் எண்ணம் எழும். பக்தி கூலிக்குச் செய்யும் வேலையானால் அக்கேள்விக்கு விடையில்லை. பக்தி அன்பானால் அக்கேள்வியே எழாது.

திருநெல்வேலியிலிருந்து இருளிலே புறப்பட்ட அந்த மனிதருக்குத் தமது பெயரால் ஒரு குளம் அமையும் என்றோ, தம் மரபிலே நாவலர் ஒருவர் தோன்றுவார் என்றோ தெரியாது. நாளை விடியும்போது தம் கை கொலைக்கு உடந்தையாகாது என்பது மட்டுமே தெரியும். அது அவருக்குப் போதியதாயிருந்தது. நமக்கும் அது போதியதாகும் நாளிலே நாம் அவர் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுடையோராவோம். அத்தகுதியைத் தில்லைக் கூத்தன் நமக்கு அருள்வானாக!