நோன்புக் கஞ்சி

தமிழ் முஸ்லிம் வீடுகளில் ரமலான் மாதத்துச் சொற்களில் பாதி அரபியிலிருந்து வந்தவை. சஹர், தராவீஹ், நிய்யத், ஃபித்ரா எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயிலும் புழங்கும். ஆனால் அந்த மாதத்தின் உயிரான செயலுக்கு மட்டும் அரபிப் பெயர் அடுப்படி வரை வரவேயில்லை. 'ஸவ்ம்' என்பதை ஆலிம்களின் பயானில், அதாவது மார்க்க அறிஞர்களின் சொற்பொழிவில், கேட்கலாம். உம்மா மகனிடம் கேட்பது, "நோம்பு வச்சிருக்கியா வாப்பா?" என்றுதான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்கள் 'ரோஜா' என்பார்கள்; அது பாரசீகச் சொல். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நோன்பைக் கைவிடவில்லை.

அது மிகப் பழைய சொல். நோல் என்றால் பொறு, தாங்கு என்று பொருள். நோன்மை என்பது வலிமை. தன்னை வந்தடைந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்வதைத் திருக்குறளின் தவம் அதிகாரம் 'நோன்றல்' என்று சொல்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக வெட்டியது. அதில் அவர் செய்ததைக் குறிக்கும் வினை 'நோற்ற' என்பதே. ஆண்டாளின் ஆய்ச்சிறுமியர் மார்கழியில் நோற்றது பாவை நோன்பு. காரடையான் நோன்பும் வரலட்சுமி நோன்பும் இன்றும் நடக்கின்றன. கொங்கு நாட்டிலோ சொல் இன்னும் ஒரு படி நகர்ந்து, மாரியம்மன் திருவிழாவையே 'நோம்பி' என்கிறார்கள்.

சமணக் குன்றிலும் ஆயர்பாடியிலும் அம்மன் கோயிலிலும் புழங்கிய இந்தச் சொல்லைத்தான் தமிழ் முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்தின் ஐந்து கடமைகளில் ஒன்றுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 'பள்ளி'யும் அப்படித்தான். சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடமாக இருந்த சொல் பள்ளிவாசலாயிற்று. வேற்றுச் சமயத்தார் புழங்கிய சொல்லாயிற்றே என்று யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை. தமிழின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெருந்தன்மைகளில் இது ஒன்று.

இந்த நோன்பைப் பிள்ளைகள் முதலில் கற்பது ஒரு வாக்கியமாகத்தான். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் இமாம் நிய்யத்தை, அதாவது நோன்பு பிடிக்கும் எண்ணத்தைச் சொல்லும் வாக்கியத்தை, முதலில் அரபியிலும் பிறகு தமிழிலும் சொல்லிக்கொடுப்பார். வரிசையில் நிற்பவர்கள் திரும்பச் சொல்வார்கள். நாளைய நோன்பை 'பிடிக்க' நிய்யத் செய்கிறேன் என்று அந்தத் தமிழ் முடியும். பெரியவர்கள் முணுமுணுக்கும் இடத்தில் கடைசி வரிசைச் சிறுவர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். நாளைக்கு நோன்பு பிடிக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளைதான் இருப்பவர்களிலேயே அதிகச் சத்தமாகச் சொல்லும். அந்த வயதில் மதியம் வரை தாங்கினால் போதும், அதுவே அரை நோன்பு. பருவம் வராத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையே இல்லை. ஆனாலும் அண்ணனுக்கும் லாத்தாவுக்கும் சமமாக விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்தே தீருவேன் என்று அடம்பிடிக்காத பிள்ளை அரிது.

பிடித்த நோன்பை மாலையில் 'திறக்கிறோம்'. இதைக் குறிக்கும் இஃப்தார் என்ற சொல்லின் அரபி வேர் பிளப்பதையும் முறிப்பதையும் குறிக்கும். தமிழ் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. மலையாளத்தில் நோம்புதுற, உருதுவில் ரோஜா கோல்னா, மலாயில் புக்கா புவாசா: எல்லாமே திறப்பதுதான். முறிதல் என்ற சொல் தமிழில் வேறொன்றுக்காகக் காத்திருக்கிறது. நோன்பு கெட்டுப்போனால் அது முறிந்தது. பிள்ளைகளின் பெரிய பயமே இதுதான். குளிக்கும்போது வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போய்விட்டதே, முறிந்துவிட்டதா? எச்சில் விழுங்கினால்? மறந்துபோய் ஒரு முறுக்கைத் தின்றுவிட்ட பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும். மறதியாகத் தின்றால் முறியாது, அது அல்லாஹ் ஊட்டியது என்று உம்மம்மா சொன்ன பிறகுதான் அந்த முகம் தெளியும்.

இனி கஞ்சி. தமிழில் இதைவிட ஏழையான சொல் கிடையாது. வறுமையின் கடைசிப் படி 'கஞ்சிக்கு வழியில்லை' என்பது. பெற்றோரை வயதான காலத்தில் காப்பாற்றுவதும் 'கஞ்சி ஊற்றுவது'தான். கோவாவில் 1563-இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூல், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசிநீரைக் 'கான்ஜே' என்று பதிவு செய்கிறது. அச்சொல்தான் போர்த்துக்கீசியத்தில் 'கான்ஜா' ஆகி, இன்று கோழிச் சாற்றில் வெந்த அரிசிச் சூப்பைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' ஆகிச் சீனர்களின் அரிசிக் கஞ்சிக்கும் பெயராகிவிட்டது. ஆங்கிலேயப் படை முகாம்களில் சிறைக் கொட்டடிக்குக் 'கஞ்சி வீடு' என்று பெயர் இருந்தது. உள்ளே கிடைத்த உணவு அது.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சிக்கு அந்த ஏழ்மை பெயரில் மட்டும்தான். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு விறகடுப்பில் தேக்சா என்ற பெரிய பாத்திரம் ஏறும். பட்டையும் கிராம்பும் பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி பூண்டு, புதினா, கொத்துக்கறி வதங்கும். பிறகு நொய்யரிசி, பாசிப்பருப்பு, நாளெல்லாம் காய்ந்த வயிற்றைக் குளிர்விக்க வெந்தயம். கடைசியில் தேங்காய்ப்பால். அடிபிடிக்காமல் துழாவ நல்ல தோள்வலு வேண்டும். மாலை அஸர் தொழுகை முடிவதற்குள் வாசலில் தூக்குச்சட்டிகள் வரிசையில் நிற்கும். பெரும்பாலும் அவற்றைச் சுமந்து வருகிறவர்கள் சிறுவர்கள்தான். ஊற்றுகிறவர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். நோன்பாளிகள் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. பக்கத்துத் தெருவின் இந்துப் பிள்ளைகளும் அதே வரிசையில் நிற்பார்கள். தானே ஏற்ற பசியைச் சொல்லும் நோன்பும், விதியால் வந்த பசியைச் சொல்லும் கஞ்சியும் ஒரே சொல்லாகச் சேர்ந்ததன் அர்த்தம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. நோற்றவன் குடிப்பதும் இல்லாதவன் குடிப்பதும் ஒரே தேக்சாவிலிருந்து.

இந்தக் கஞ்சிக்கென்று தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு ஆயிரக்கணக்கான டன் பச்சரிசி ஒதுக்குகிறது. 2020 கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசல்கள் அடைபட்டுக் கிடந்தன. அடுப்பு மூட்ட வழியில்லாததால் அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு கஞ்சி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ருசியில் வெந்தது.

மாத முடிவில் வருவது நோன்புப் பெருநாள். சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் இதை 'ஹரி ராயா புவாசா' என்பார்கள். ஹரி என்றால் நாள், ராயா என்றால் பெரிய. புவாசா என்பது சமஸ்கிருத உபவாசத்தின் மலாய் வடிவம். அவர்களும் தங்களிடம் முன்பே இருந்த சொல்லைத்தான் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மொழிப் பெயரும் சொல்லுக்குச் சொல் ஒன்றே.

பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்கு ஃபித்ரா என்ற தர்மத்தைக் கொடுத்தாக வேண்டும். நம் ஊர்களில் அது பெரும்பாலும் அரிசிதான், தலைக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ. முந்தைய நாள் பிறந்த குழந்தையின் பங்கையும் தகப்பன் அளந்து வைக்க வேண்டும். ஒரு நாளும் நோற்காத, பெயர்கூட வைக்காத பிள்ளை, ஏழை வீட்டுப் பெருநாள் சமையலுக்கு அரிசி கொடுத்துவிடுகிறது. பெருநாள் காசு வாங்கும் வயது வருமுன்பே கொடுக்கும் கணக்கில் அது சேர்ந்துவிடுகிறது.

ரமலானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தில் பெரியவர்கள் ஆறு நோன்பு பிடிக்கும்போது பெரும்பாலான ஊர்களில் பள்ளிவாசல் அடுப்பு எரியாது. அப்போது வீட்டில் சின்னச் சட்டியில் காய்ச்சுவதும் நோன்புக் கஞ்சிதான். ஆண்டின் இடையில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை வாய்க்குப் பிடித்ததாக ஏதாவது வேண்டும் என்று கேட்டு, உம்மா அதே பக்குவத்தில் இறக்கி வைத்தாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.